ராத் ஆஃப் தி டைட்டன்ஸ்: பெர்சியஸின் கதையைத் தவிர மற்ற எல்லாம் உள்ள இரண்டாம் பாகம்

கிரேக்கப் புராணக் கதைகள் பிடிக்கும், அதனால் ‘ராத் ஆஃப் தி டைட்டன்ஸ்’ பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். கதை பிடிக்காதவர்கள், வெறும் சண்டையும் நெருப்பும் போதும் என்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், அவர்களுக்கு 99 நிமிடம் எப்படிப் போனதென்றே தெரியாது. ஆனால் பார்ப்பவரைக் கல்லாக்கும் மெடூசாவின் தலையை வெட்டிய பெர்சியஸ் அப்புறம் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளும் ஆசையோடு உட்கார்ந்தால் வெறுங்கையோடுதான் எழுந்திருக்க வேண்டும். 15 கோடி டாலர் செலவழித்து 2012-ல் எடுத்த படம். பணம் திரையில் தெரிகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். குறை வேறு இடத்தில் இருக்கிறது, அதைச் சொல்லக் கதையை முழுக்கச் சொல்லியாக வேண்டும், ஆகவே படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முன்கதை கொஞ்சம். 1981-ல் ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ என்று ஒரு படம் வந்தது. பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு அசைவாகப் படம் பிடிக்கும் கலையில் மன்னரான ரே ஹாரிஹாசன் வேலை செய்த கடைசி முழுநீளப் படம் அது. அதே பெயரில் 2010-ல் லூயி லெட்டரியே மறுபடி எடுத்தார், சாம் வொர்திங்டன் பெர்சியஸ், லியாம் நீசன் கடவுள்களின் அரசன் ஜீயஸ், ரால்ஃப் ஃபைன்ஸ் பாதாளக் கடவுள் ஹேடிஸ். அந்தப் படத்தை எடுத்து முடித்த பிறகு அவசர அவசரமாக முப்பரிமாணத்துக்கு மாற்றினார்கள், அது கண்ணை உறுத்துகிறது என்று உலகம் முழுக்கத் திட்டு வாங்கினார்கள், ஆனாலும் படம் ஏறத்தாழ 49 கோடி டாலர் வசூலித்தது. அவ்வளவு வசூல் வந்தால் அடுத்த பாகம் வராமல் இருக்குமா? இரண்டே வருடத்தில் வந்தது, இந்த முறை இயக்குநர் ஜோனாதன் லீப்ஸ்மன்.

கதை இது. முதல் பாகத்துக் கடல் ராட்சதன் கிராக்கனைக் கொன்று பத்து வருடம் ஆகிவிட்டது. பெர்சியஸ் மனைவி அயோவை இழந்து, ஹெலியஸ் என்ற சிறுவயது மகனோடு மீன் பிடித்துப் பிழைக்கிறான், சண்டை சச்சரவு இல்லாமல் பிள்ளையை வளர்த்துவிட வேண்டும் என்பதே அவன் ஆசை. மனிதர்கள் கடவுள்களைக் கும்பிடுவதை விட்டுவிட்டதால் கடவுள்களின் பலம் குறைந்துகொண்டே வருகிறது, பாதாளச் சிறையான டார்டரஸின் சுவர்கள் விரிசல் விடுகின்றன, உள்ளே அடைத்து வைத்திருக்கும் ஜீயஸின் அப்பன் குரோனோஸ் எழப் போகிறான். ஜீயஸ் வந்து மகனிடம் உதவி கேட்கிறார், அவன் மறுக்கிறான். ஜீயஸின் இன்னொரு மகன் ஏரிஸும், அண்ணன் ஹேடிஸும் சேர்ந்து ஜீயஸைப் பிடித்துக் கட்டிப்போட்டு அவருடைய சக்தியை உறிஞ்சிக் குரோனோஸுக்குக் கொடுக்கிறார்கள். பெர்சியஸ், அரசி ஆண்ட்ரோமிடா, கடல் கடவுள் பொசைடனின் மகன் அஜினோர் மூவரும் ஜீயஸை மீட்கப் புறப்படுகிறார்கள். ஜீயஸின் இடி, பொசைடனின் திரிசூலம், ஹேடிஸின் கவை ஈட்டி மூன்றையும் ஒன்றாக்கினால் ஒரு பெரிய ஈட்டி கிடைக்கும், அதுதான் குரோனோஸைக் கொல்லும்.

சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பன், பிள்ளை, அண்ணன், தம்பி, பாட்டன் என்று ஒரு குடும்பமே அடித்துக்கொள்ளும் கதை. ஆனால் படம் நகர நகர ஒன்று உறைத்தது. பெர்சியஸ் இதில் செய்கிற எதுவும் பெர்சியஸ் செய்தது இல்லை. முதலில் கைமீரா. சிங்க உடல், பாம்பு வால், நெருப்பு கக்கும் வாய். இதைக் கொன்றவன் பெல்லரோஃபோன். அவனைக் கொன்றுவிடச் சொல்லும் ஒரு ஓலையை அவன் கையிலேயே கொடுத்து லிசியா நாட்டு அரசனிடம் அனுப்புகிறார்கள். விருந்தாளியைத் தன் கையால் கொல்லத் தயங்கும் அந்த அரசன், போய்க் கைமீராவைக் கொன்று வா, எப்படியும் நீ திரும்பப் போவதில்லை என்ற கணக்கில் அனுப்பி வைக்கிறான். பெல்லரோஃபோன் பெகாசஸ் குதிரையில் பறந்து போய்க் கொன்றுவிட்டுத் திரும்புகிறான். அப்புறம் அதே குதிரையில் ஒலிம்பஸ் மலைக்கே பறந்து போகப் பார்த்து, கீழே விழுந்து, மனிதர் முகம் தவிர்த்துத் தனியே அலைந்து முடிகிறான். அந்த மிருகத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. படத்தில் அது ஒரு மீனவக் குப்பத்தில் திடீரென்று குதித்து, நான்கு நிமிடம் எரித்துவிட்டுச் செத்துப் போகிறது.

பீமன் கீசகனைக் கொன்றதையும் கடோத்கசன் இரவில் போரிட்டதையும் எடுத்து அர்ஜுனன் கணக்கில் எழுதி, மகாபாரதத்தின் அடுத்த பாகம் என்று கொடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? கிரேக்கக் கதைகளைச் சிறுவயதிலிருந்து படித்தவர்களுக்கு இந்தப் படம் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது மினோட்டார். என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிரீட் தீவின் அரசன் மைனோஸ் பொசைடனை ஏமாற்றிய பாவத்துக்குத் தண்டனையாக அவன் மனைவிக்குக் காளைத் தலையோடு ஒரு பிள்ளை பிறக்கிறது. அதை வெளியே காட்ட முடியாமல் டேடலஸ் என்ற தச்சனைக் கொண்டு புகுந்தால் திரும்பி வர முடியாத ஒரு கட்டடம் கட்டி உள்ளே அடைக்கிறார்கள். தோற்றுப் போன ஏதென்ஸ் நகரம் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் அதற்கு இரையாக அனுப்ப வேண்டும். தீசியஸ் அந்தக் கூட்டத்தில் தானாகச் சேர்ந்து போகிறான். மைனோஸின் மகள் அரியாட்னி அவனுக்கு ஒரு நூல்கண்டு கொடுக்கிறாள். அந்தக் கதையில் பயம் மிருகத்தைப் பார்த்து மட்டும் வருவதில்லை, வழி தெரியாத இருட்டும், வெளியே காத்திருக்கும் ஊரும், கையில் இருக்கும் அந்த மெல்லிய நூலும்தான் கதையைப் பிடித்து நிறுத்துகின்றன. தவிர, அந்த மிருகம் ஒரு அரசியின் பிள்ளை, அது தன் இஷ்டத்துக்கு அங்கே வந்து உட்காரவில்லை.

படத்தில் என்ன நடக்கிறது? டார்டரஸுக்குப் போகும் வழியாகக் கொல்லர் கடவுள் ஹெஃபெஸ்டஸ் கட்டிய ஒரு சுழல் பாதை. கல் சுவர்கள் நகர்ந்து நகர்ந்து மூடுகின்றன, மூன்று பேரும் பிரிகிறார்கள், அதுவரை நல்ல யோசனைதான், அந்தச் சுவர்கள் நகரும் சத்தமே வயிற்றைக் கலக்கும்படி இருந்தது. திடீரென்று இருட்டில் ஏதோ ஒன்று பெர்சியஸ் மேல் பாய்கிறது. கேமரா குலுங்குகிறது. ஒரு கொம்பு தெரிகிறது, ஒரு முகம் பாதி தெரிகிறது, முட்டுகிறது, குத்துகிறான், அது கீழே கிடக்கிறது. முடிந்தது. மினோட்டாரை முழு உருவமாக ஒரு தடவை பார்த்தோமா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அதன் பெயரை யாரும் சொல்வதில்லை, அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, கொன்ற பிறகு பெர்சியஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஐரோப்பியக் கலையில் ஆயிரக்கணக்கான வருடமாக ஜாடியிலும் சுவரிலும் வரைந்துகொண்டிருக்கும் ஒரு உருவத்துக்கு இவ்வளவுதான் இடம். நூல்கண்டு எங்கே என்று நான் கேட்கவில்லை, அது தீசியஸின் கதை. ஆனால் அந்தக் கதையின் மிருகத்தை மட்டும் பிடுங்கி வந்து, அதற்கு உயிர் கொடுத்த மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வந்தால் மிஞ்சுவது கொம்பு வைத்த ஒரு அடியாள்.

மூன்று ஆயுதங்களை ஒன்று சேர்க்கும் விஷயமும் அப்படித்தான். பழைய கதையில் அந்த ஆயுதங்களைச் செய்து கொடுத்தவர்கள் ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ்கள். ஜீயஸுக்கு இடி, பொசைடனுக்குத் திரிசூலம், ஹேடிஸுக்கு அணிந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் தலைக்கவசம். இந்தத் தலைக்கவசத்துக்கும் பெர்சியஸுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மெடூசாவின் தலையை வெட்டிப் பையில் போட்டதும் அவளுடைய சகோதரிகள் இருவர் துரத்துகிறார்கள், அவர்களுக்குச் சாவே கிடையாது, அவர்களிடமிருந்து அவன் தப்பித்தது ஹேடிஸின் கவசத்தை அணிந்துதான். ஹேடிஸின் பொருள் ஒன்று பெர்சியஸின் உயிரைக் காப்பாற்றியதாகப் புராணமே சொல்கிறது! ஹேடிஸையும் பெர்சியஸையும் எதிரெதிரே நிறுத்தி, கடைசியில் சமாதானமாக்க நினைக்கும் ஒரு படத்துக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்குமா? அதை விட்டுவிட்டு, கவை ஈட்டி ஒன்றைக் கொடுத்து, மூன்றையும் திருகிச் சேர்த்தால் பெரிய ஈட்டி என்று முடித்துவிட்டார்கள். சைக்ளோப்ஸ்களை ஹெஃபெஸ்டஸின் பட்டறை ஆட்களாகக் காட்டியது மட்டும் பழைய கதைக்குக் கிட்டே வருகிறது, அந்தக் காட்டுக் காட்சியில் மரங்களுக்கு நடுவே அந்த ராட்சதர்கள் ஓடி வருவது பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

காதல் விஷயத்தில் முதல் பாகம் போட்ட முடிச்சை இந்தப் பாகம் அவிழ்க்காமல் வெட்டிவிட்டது. புராணத்தில் பெர்சியஸின் மனைவி ஆண்ட்ரோமிடா, கடல் மிருகத்திடமிருந்து அவளைக் காப்பாற்றித்தான் கல்யாணம் செய்துகொள்கிறான், கிரேக்கக் கதைகளில் கடைசிவரை நன்றாக வாழ்ந்த அபூர்வமான ஜோடி அது. 2010 படம் ஆண்ட்ரோமிடாவைக் காப்பாற்றிவிட்டு அயோவை ஜோடியாக்கியது. அயோ யார் தெரியுமா? ஜீயஸின் ஆசையால் பசுவாக மாறி ஊர் ஊராக அலைந்தவள், பல தலைமுறைக்கு முந்தைய பெர்சியஸின் மூதாட்டி. சரி, அது போகட்டும். ஜெம்மா ஆர்டர்டன் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு உயிர் கொடுத்திருந்தார், முதல் படத்தின் கடைசியில் ஜீயஸே அவளை உயிர்ப்பித்துத் திருப்பித் தருகிறார். இரண்டாம் பாகம் ஆரம்பிக்கும்போது அவள் செத்துப் போயிருக்கிறாள். எப்படிச் செத்தாள் என்று ஒரு காட்சியாவது வேண்டாமா? மகனுக்கு அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேச இருக்காதா? அவள் இடத்தில் ஆண்ட்ரோமிடா படைத்தலைவியாக வருகிறாள், நடிகையும் மாறியாகிவிட்டது, அலெக்ஸா டவலோஸ் போய் ரோசமண்ட் பைக். பைக் நல்ல நடிகை, கவசம் போட்டு நிற்கும்போது அரசி என்று நம்ப முடிகிறது. ஆனால் பெர்சியஸும் அவளும் படம் முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதெல்லாம் எந்த வழியாகப் போவது என்பதைத்தான், கடைசியில் திடீரென்று முத்தம். அந்த முத்தத்துக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய பத்து நிமிடத்தைக் கைமீராவுக்கும் மாகாய் என்ற இரட்டை உடல் அரக்கர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே உண்மையான படம் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது, அதுதான் எனக்கு ஆதங்கம். ஏரிஸ். எட்கர் ராமிரெஸ் நடித்திருக்கிறார். அப்பா ஜீயஸ் பெர்சியஸ் மேல் காட்டும் பாசத்தில் கால்வாசிகூட என் மேல் காட்டவில்லை என்ற பொறாமையில் வெந்துபோன மகன். இது படம் எடுத்தவர்கள் சும்மா கண்டுபிடித்தது இல்லை, விதை இலியத் காவியத்தின் ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது. டயோமிடிஸ் என்ற மனிதன், பெண் கடவுள் அதீனாவின் துணையோடு, போர்க் கடவுளான ஏரிஸையே ஈட்டியால் குத்திவிடுகிறான். ஒன்பதாயிரம் பத்தாயிரம் வீரர்கள் ஒன்றாகக் கத்துவது போல் கத்திக்கொண்டு ஏரிஸ் ஒலிம்பஸுக்கு ஓடி, அப்பாவிடம் ரத்தத்தைக் காட்டி முறையிடுகிறான். ஜீயஸ் என்ன சொல்கிறார்? என் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பாதே, ஒலிம்பஸில் இருக்கிற எல்லாரிலும் எனக்கு உன்னைத்தான் பிடிக்காது என்கிறார். சொல்லிவிட்டு, ஆனாலும் நீ என் பிள்ளை, உன்னை வலியில் தவிக்க விடமாட்டேன் என்று வைத்தியனைக் கூப்பிட்டுக் காயத்துக்கு மருந்து போடச் சொல்கிறார். ஒரே மூச்சில் வெறுப்பும் பாசமும். இதைப் படித்துவிட்டுப் படத்துக்கு வந்தால், லியாம் நீசன் போன்ற ஒரு நடிகரையும் ராமிரெஸையும் எதிரெதிரே உட்கார வைத்து இப்படி ஒரு காட்சி எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. படத்தில் ஜீயஸ் சங்கிலியில் தொங்குகிறார், ஏரிஸ் பற்களைக் கடித்துக்கொண்டு ரெண்டு வரி சொல்லிவிட்டு அடிக்கப் போய்விடுகிறான்.

ஏரிஸை வைத்து ஒரே ஒரு அருமையான யோசனை படத்தில் இருக்கிறது, அதை மனதாரப் பாராட்டுகிறேன். போர்க் கடவுளை யார் கும்பிட்டாலும் அவனுக்குக் கேட்கும். தீவில் பயந்துபோன ஒரு போராளி, போருக்குக் கிளம்புகிற எவரும் செய்வது போல, ஏரிஸிடம் வேண்டிக்கொள்கிறாள். பயத்தில் தன்னை அறியாமல் செய்த அந்தச் சின்ன வேண்டுதலைப் பிடித்துக்கொண்டு ஏரிஸ் நேரே அங்கே வந்து இறங்கி எல்லாரையும் கொன்று குவிக்கிறான். வேண்டுதலே காட்டிக்கொடுக்கும் துரோகமாக மாறுகிற அந்தக் காட்சியில் எனக்கு உண்மையிலேயே பகீரென்றது. பின்னால் பெர்சியஸ் அதையே ஆயுதமாக்குகிறான், வேண்டுமென்றே ஏரிஸைக் கும்பிட்டுச் சண்டைக்குக் கூப்பிடுகிறான். கடவுள்கள் வேண்டுதலால்தான் வாழ்கிறார்கள் என்ற படத்தின் அடிப்படைக் கருத்து இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் கதையாக மாறுகிறது. மற்ற இடத்தில் எல்லாம் அது வசனமாகவே நின்றுவிடுகிறது.

குரோனோஸ் விஷயத்துக்கு வருகிறேன். தன் பிள்ளைகளில் ஒருவன் தன்னைக் கவிழ்ப்பான் என்று பயந்து, பிறந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கியவன் குரோனோஸ். ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் ஐந்து பேரும் அவன் வயிற்றுக்குள் இருந்தவர்கள். தாய் ரியா ஆறாவது பிள்ளையான ஜீயஸுக்குப் பதில் துணி சுற்றிய கல்லைக் கொடுத்து ஏமாற்றினாள். வளர்ந்து வந்த ஜீயஸ் அண்ணன் அக்காள்களை அப்பனின் வயிற்றிலிருந்து வெளியே வரவைத்து, பத்து வருடம் போர் செய்து, குரோனோஸின் தலைமுறைக் கடவுள்களான டைட்டன்களை டார்டரஸில் அடைத்தான். அப்படியானால் ஹேடிஸ் யார்? அப்பனால் விழுங்கப்பட்டு, தம்பியால் மீட்கப்பட்டு, பங்கு பிரித்தபோது பாதாளம் கிடைத்தவன். அவன் மறுபடி அந்த அப்பனோடே கைகோர்க்கிறான் என்றால் அதற்கு எவ்வளவு கசப்பு உள்ளே இருக்க வேண்டும்! ரால்ஃப் ஃபைன்ஸ் இதைப் புரிந்துகொண்டு நடிப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது, சங்கிலியில் கிடக்கும் தம்பி மன்னிப்புக் கேட்கும்போது அவர் முகத்தில் வரும் தடுமாற்றம் படத்தின் மிகச் சிறந்த நிமிடம். ஆனால் குரோனோஸ்? மலை உயரத்துக்கு எரிமலைக் குழம்பு. கையை வீசினால் படை எரிகிறது. அவனுக்கும் ஜீயஸுக்கும், அவனுக்கும் ஹேடிஸுக்கும் நேருக்கு நேர் பேச்சு இல்லை. பிள்ளைகளை விழுங்கியவன் முன்னால் பிள்ளைகள் இருவர் தோளோடு தோள் நிற்கிறார்கள், அவர்களுக்கு அவனிடம் சொல்ல ஒன்றுமே இல்லை! பெர்சியஸ் பெகாசஸில் பறந்து போய் அந்த ராட்சதனின் வாய்க்குள் ஈட்டியை எறிகிறான், எல்லாம் சாம்பலாகிறது, ஜீயஸும் மண்ணாக உதிர்ந்து போகிறார். அதற்கு முன்பே பொசைடனும் உதிர்ந்தாயிற்று. சாவே இல்லாதவர்கள் என்பதுதான் கிரேக்கக் கடவுள்களுக்கும் மனிதர்களுக்கும் உள்ள ஒரே பெரிய வித்தியாசம். அதை உடைக்க எந்தக் கதாசிரியருக்கும் உரிமை உண்டு, நான் மறுக்கவில்லை, ஆனால் உடைத்தால் உலகம் அதிர வேண்டும். இங்கே ஜீயஸ் செத்த அடுத்த சில நிமிடத்தில் படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன.

தொழில்நுட்பத்தில் இது முதல் பாகத்தைவிட மேல், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. முப்பரிமாணத்தைப் பின்னால் ஒட்டிய அவசரம் இந்தத் தடவை தெரியவில்லை. டெனெரிஃபே தீவின் எரிமலை நிலத்தில் எடுத்த காட்சிகளில் மண்ணும் புழுதியும் நிஜமாக இருக்கின்றன. கைமீரா தாக்கும்போது கேமரா பெர்சியஸின் பின்னாலேயே சந்து சந்தாக ஓடுகிறது, கூரை இடிந்து விழுகிறது, காதில் சத்தம் அடைக்கிறது, அந்த நான்கு நிமிடத்தைத் தனியாக எடுத்து வைத்தால் யாரும் பாராட்டுவார்கள். ஹெஃபெஸ்டஸாக வரும் பில் நை வந்ததும் படத்துக்கு ஒரு மூச்சு கிடைக்கிறது, தனிமையில் கிறுக்குப் பிடித்த கிழவராகப் பழைய படத்து இயந்திர ஆந்தையோடு பேசிக்கொண்டிருக்கிறார், மனுஷன் வந்த கொஞ்ச நேரத்தில் நம்மைச் சிரிக்க வைத்து, சாகும்போது வருத்தப்படவும் வைத்துவிடுகிறார். டோபி கெபெலின் அஜினோர் பரவாயில்லை.

பெர்சியஸின் கதையில் அடுத்த பாகத்துக்கு ஒன்றும் மிச்சம் இல்லை, அதனால்தான் கடன் வாங்கினார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நிறையவே மிச்சம் இருக்கிறது. அவன் பிறக்கும் முன்பே அவன் கையால் அவன் தாத்தா அக்ரிசியஸ் சாவான் என்று குறி சொல்லியாகிவிட்டது. அதற்குப் பயந்துதான் தாத்தா தன் மகள் டானேயை வெண்கல அறையில் அடைத்தார், பிள்ளை பிறந்ததும் இருவரையும் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டார். எல்லா வீரமும் முடிந்து, மெடூசாவின் தலையை அதீனாவிடம் கொடுத்து, மனைவியோடு நிம்மதியாக இருக்கும் காலத்தில், லாரிசா என்ற ஊரில் விளையாட்டுப் போட்டியில் பெர்சியஸ் ஒரு வட்டை எறிகிறான். அது விலகிப் போய்க் கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர் மேல் படுகிறது. அவர்தான் அக்ரிசியஸ். பேரன் வருகிறான் என்று பயந்து ஊரைவிட்டே ஓடி வந்திருந்தவர். தான் கொன்றவரின் சிம்மாசனத்தில் உட்கார வெட்கப்பட்டு, ஆர்கோஸ் நாட்டையே இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு டிரின்ஸுக்குப் போகிறான் பெர்சியஸ், மைசீனி நகரத்தை எழுப்புகிறான். கல்யாணப் பந்தலிலேயே ஆண்ட்ரோமிடாவுக்கு முன்பு நிச்சயித்த ஃபினியஸ் ஆட்களோடு வந்து சண்டை போட்டதும், மெடூசாவின் தலையைக் காட்டி அத்தனை பேரையும் கல்லாக்கியதும் இருக்கின்றன. எதிரே நிற்கிற எவரையும் கல்லாக்கும் ஒரு பொருளைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்வான்? இது ஒன்று போதும் ஒரு முழுப் படத்துக்கு. ஆனால் 2010 படமே அக்ரிசியஸை டானேயின் கணவனாக்கி, காலிபோஸ் என்ற அரக்கனாக மாற்றி, பெர்சியஸ் கையால் வாள் சண்டையில் கொன்று முடித்துவிட்டது. அந்தக் கதவை அவர்களே அடைத்துவிட்டார்கள், ஆகவே இரண்டாம் பாகம் அடுத்த வீடுகளில் போய்க் கேட்க வேண்டியதாயிற்று.

வசூல் ஏறத்தாழ 30 கோடி டாலராக இறங்கியது, செலவோ முதல் பாகத்தைவிட அதிகம். மூன்றாம் பாகம் வரவே இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்து, கிரேக்கக் கதைகளைத் திரையில் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால், 1981 படத்தைத் தேடிப் பிடியுங்கள். அதிலும் குறைகள் உண்டு, கதையும் இஷ்டத்துக்கு மாற்றியதுதான், ஸ்காண்டிநேவியக் கடற்கதைகளின் கிராக்கனைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்ததே அந்தப் படம்தான். பொம்மைகள் பொம்மைகளாகத் தெரியும், பிள்ளைகள் முதலில் சிரிக்கவும் செய்யும். ஆனால் மெடூசாவின் இருப்பிடக் காட்சி வந்ததும் பாருங்கள். தீப்பந்த வெளிச்சம், தூண்களின் நிழல், கையை ஊன்றி உடலை இழுத்து இழுத்து நகரும் அவள், கையில் வில், சலசலக்கும் வால். பெர்சியஸ் தூணுக்குப் பின்னால் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய நிற்கிறான், திரும்பிப் பார்க்க முடியாது, சத்தத்தை மட்டும் வைத்து அவள் எவ்வளவு கிட்டே வந்துவிட்டாள் என்று கணக்குப் போட வேண்டும். ஒரே ஒரு மிருகம், ஒரே ஒரு அறை, அதற்குள் போதுமான அளவு நேரம். சின்னப் பிள்ளைகள் இரவில் பயப்படுவார்கள் என்றால் அந்தக் காட்சிக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.